கிழிச்ச காத்துக்குத் தையல்

வாங்க, உக்காருங்க. இருங்க, இதை மடியில எடுத்து வெச்சுக்கறேன். தாராபுரம் போறீங்களா? நானும் தாராபுரந்தானுங்க. தாராளமா உக்காருங்க.

இதுங்களா? ஏறுன நேரத்துல இருந்து எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. யானைக்குக் காலுறையான்னு கேட்டாரு கண்டக்டரு. குசும்பு புடிச்ச ஆளு. இது வாலுங்க. வண்டிக்கு வால். சிரிங்க, சிரிங்க, எனக்குப் பழகிப் போச்சு.

நானே செஞ்ச வண்டிங்க. மூணு சக்கரம். ஆட்டோ இல்லீங்க. ஆட்டோவுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ரெண்டு. இதுக்கு முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு. ஒரு ஆள் கால் நீட்டிச் சாஞ்சு உக்காந்து ஓட்டலாம். பழைய பைக் இஞ்சின், முதுகுக்குப் பின்னால. எம் பேரு சென்னியப்பன். திருப்பூர்ல பனியன் துணி ஓட்டற நிட்டிங் மெசின் இருக்குதுல்ல, அதுக்கு மெக்கானிக்கு. உங்க பையப் பாத்தா இன்சூரன்ஸ் ஏஜெண்டு மாதிரி தெரியுது. ஏனுங்க, இந்த மாதிரி வண்டிக்கு உங்க கம்பெனியில பாலிசி உண்டுங்களா? நெசமாத்தான் கேக்கறேன். சரி விடுங்க.

நான் இப்ப எதுக்குப் போறன்னா, என்ற ஊட்டுக்காரி அவங்க அண்ணன் வீட்டுல இருக்கறா. பதினோரு நாளாச்சு. இல்லீங்க, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. அவளைக் கூப்படறதுக்கும் போகலீங்க. அவ கையில என்ற வால் இருக்குது. நெசமான வால். இது டூப்ளிக்கேட்டு. நாளன்னிக்கு ஞாயித்துக்கெழமை கோயமுத்தூர்ல பைனல். ஒரு லிட்டர் பெட்ரோல்ல யாரு வண்டி நெம்ப தூரம் போகுதோ அவங்களுக்குக் கப்பு. அந்த வாலு இல்லாம நான் அங்க போனா மானம் போயிருமுங்க. அதனால வாலை வாங்கிக்கிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். அம்புட்டுத்தான் சோலி.

மொதல்ல இருந்து சொல்றனுங்க. தாராபுரம் வர வரைக்கும் வேற என்ன வேலை நமக்கு.

வண்டியில முக்கியமானது எதுன்னு நெனைக்கறீங்க? இஞ்சினா? இல்லீங்க. மூக்கு. காத்து வந்து மோதற எடம் மூக்குதானே. அது கூரா இருந்தாத்தான் காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். தெர்மகோல்ல செதுக்கி, மேல பைபர் கிளாஸ் ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சேன் பாருங்க, அஞ்சு மாசம். கோழி கூவறப்ப தேச்சேன், சாங்காலம் மெசின் சர்வீஸ் முடிச்சுட்டு வந்து தேச்சேன். ஈ வந்து உக்காந்தா வழுக்கி உழுகும். என்ற மச்சான், அதான் ஊட்டுக்காரியோட அண்ணன், ஒருக்கா வந்து பாத்துட்டு, "மாப்ள, முன்னால பாத்தா ராக்கெட்டு, பின்னால பாத்தா குப்பைத் தொட்டி"ன்னாரு. அவரு வெங்காய யாவாரி, அவருக்கென்னங்க தெரியும். பின்னால இஞ்சின் முடியற எடத்தோட தகரத்தை நேரா வெட்டி நிறுத்திட்டேன். பின்னால யாரு பாக்கப் போறா?

அப்பறம் டெஸ்ட்டு. காத்து எப்படிப் போகுதுன்னு கண்ணுக்குத் தெரியாதுல்ல. அதுக்கு ஒரு வழி இருக்குது. துண்டு துண்டா நூலை வெட்டி வண்டி மேல ஒட்டி ஓட்டிப் பாக்கணும். காத்து ஒழுங்காப் போற எடத்துல நூலு படிஞ்சு கெடக்கும், ஒழுங்கில்லாத எடத்துல துள்ளும். திருப்பூர்ல நூலுக்குப் பஞ்சமா? செவப்பு நூலு முன்னூறு துண்டு வெட்டி மூக்கு பூரா ஒட்டினேன். மூக்குல மட்டுந்தான். அதுதானே முக்கியம்.

நீங்க அந்தப் புது பைபாஸைப் பாத்திருப்பீங்க. மந்திரி வந்து ரிப்பன் வெட்டணும்னு ரெண்டு வருசமாக் காத்துக்கிட்டு இருக்குது. மந்திரிக்கு நேரமில்ல, ரோட்டுக்கு இருக்குது. ஆடு மேயுது, மக்காச்சோளம் காயுது. அங்கதான் ஓட்டுவேன். எனக்குப் பின்னாலயே என்ற ஊட்டுக்காரி ஸ்கூட்டியில வந்து நூலைப் பாத்துச் சொல்லணும்.

அவ பேரு கோகிலாமணி. பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கறா, பத்தொம்பது வருசமா. செக்கிங்னா தெரியுமுங்களா? தைச்ச பீஸை மேசையில போட்டுப் பாப்பாங்க. தையல் உட்டிருக்குதா, ஓட்டை இருக்குதான்னு பாத்து, தப்பு இருக்கற எடத்துல செவப்பா ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. அம்பு ஒட்டுன பீஸு ஆல்டருக்குப் போகும், அதாவது பிரிச்சுச் சரி பண்றதுக்கு. சரி பண்ணவே முடியாதுன்னா ரிஜெக்ட்டு. அதுக்கு ஸ்டிக்கரெல்லாம் இல்ல, சுருட்டி அக்கட்டால கடாசறதுதான். இவ பார்வைக்கு ஒரு பீஸு தப்பாதுங்க. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளை சட்டையில காலர் கோணையா இருக்குதும்பா. நெம்பத் தொந்தரவு.

மொத நாளு வண்டிய நிறுத்தி டீ குடிச்சுக்கிட்டு இருக்கறேன், சோளம் காய வெச்சுக்கிட்டு இருந்த நாலு பொம்பளைங்க வந்து சுத்தி நின்னுட்டாங்க. மூக்கு பூராச் செவப்பு நூலு தொங்குதில்ல. "எந்தக் கோயிலுக்குச் சாமி வேண்டுதலு?"ன்னு ஒரு அம்மா கேட்டுச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம். "காத்துச் சாமிக்குங்க"ன்னுட்டேன். அடுத்த நாள் போனா அந்த நாலு பேரும் மஞ்ச நூலோட நிக்கறாங்க. ஒருத்தரு மகனுக்குப் பொண்ணு அமையணும், ஒருத்தருக்கு மூட்டு வலி. நான் என்ன பண்றது? "மூக்குல மட்டும் கை வெக்காதீங்க தாயி, அஞ்சு மாச உழைப்பு"ன்னேன். சரின்னு பின்னால போயி, வெட்டி நிறுத்துன தகரத்துல ஓட்டை இருந்துச்சு, அதுல கட்டிட்டாங்க. திருநீறு வேற பூசிட்டாங்க. என்ற வண்டியில பொட்டு வெச்ச எடம் பொச்சாங்கட்டைதானுங்க.

ஓட்டிட்டு வந்து நிறுத்துனேன். கோகிலா ஸ்கூட்டிய நிறுத்திட்டு வந்து சொல்றா, "மாமா, செவப்பு நூலெல்லாம் எண்ணெய் வெச்சுச் சீவுன தலையாட்டப் படிஞ்சு கெடக்குது. இந்த மஞ்ச நூலுதான் ஒரு மாதிரி இருக்குது."

"என்ன மாதிரி?"

"வண்டி முன்னால போகுது, இந்த நூலும் முன்னால பாத்து ஓடுதுங்க. பின்னால பறக்கோணுமில்ல?"

"சாமிக்குக் கட்டுன நூலு புள்ள, அது அப்படித்தான் இருக்கும்"னேன்.

அவ விடுல. மறுக்கா ஓட்டச் சொன்னா. மூணு தடவை ஓட்டுனேன். நின்னு அந்தத் தகரத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம் கேட்டா, "நீங்க காத்தைக் கிழிக்கறேன் கிழிக்கறேன்னு சொல்றீங்களே மாமா, கிழிச்சா யாருங்க தைக்கறது?"

நான் சிரிச்சனுங்க. ஆமா, சிரிச்சேன். அவ சிரிக்கல. "துணியக் கிழிச்சா அப்படியே உட்டுர முடியுமா? ரெண்டு பக்கத்தையும் கொண்டாந்து சேத்தோணும். முன்னால கிழிச்ச காத்து, வண்டி முடியற எடத்துல சேர வழியில்லாம குழி உழுகுது. அந்தக் குழிதான் வண்டியப் புடிச்சுப் பின்னால இழுக்குது. நூலு அந்தக் குழிக்குள்ளதான் உழுந்தோடுது"ன்னா. தூரத்துல கரண்டு எடுக்கற காத்தாடி சுத்துது, அதைக் காட்டறா. "அந்த றெக்கை லாரியில போறப்பப் பாத்திருக்கறீங்கல்ல? கிட்டப் பாத்தா ஒரு ஓரம் தடியா இருக்கும், ஒரு ஓரம் தாளாட்ட இருக்கும். தடி ஓரந்தான் முன்னால போகுது. நீங்க எதுக்கு இப்படி மொட்டையா வெட்டி வெச்சிருக்கறீங்க?"

அங்க பாருங்க, ஜன்னல்ல, குண்டடம் பக்கம் வந்துட்டோம், எத்தனை காத்தாடி. நானும் இருவது வருசமா இந்த ரோட்டுல போறேன். றெக்கைய எவன் பாத்தான்.

சரி, என்னமோ பண்ணுன்னு உட்டனுங்க. நான் அனுமதிச்சேன், அதையும் சொல்லணுமில்ல. டீக்கடை முன்னால நிக்கற பெரிய கொடை இருக்குது பாருங்க, அது ஒண்ணு ஒடஞ்சு கெடந்துச்சு. அதுல எட்டுக் கம்பியக் கழட்டுனா. கம்பெனியில ஒரு லைக்ரா துணி லாட்டு, சாயம் தப்பிப் போயி ஒதுக்குனது, கிளிப்பச்சை. எட்டுத் துண்டு சேத்துத் தைக்கற கலிப் பாவாடைக்கு வெட்டற மாதிரி வெட்டுனா, அடி பெருத்த பாவாடைய இடுப்புப் பக்கம் இழுத்துக் குறுக்குனா எப்படி இருக்கும், அப்படி. பேப்பர்ல ஒரு அளவு கெடையாது, கண்ணளவுதான். கம்பி மேல இழுத்து மாட்டுனா சுருக்கம் ஒண்ணு இல்ல. பாடியோட சேர்ற எடத்துல சுத்தி ஜிப்பு. மூக்கு செவப்பு, வாலு கிளிப்பச்சை. பாக்கறதுக்குக் கிளியப் படுக்க வெச்ச மாதிரி இருந்துச்சு.

வாலு இல்லாம லிட்டருக்கு எழுவத்தொண்ணு கிலோமீட்டரு போச்சுங்க. வாலு மாட்டுன அன்னிக்குத் தொண்ணூத்தி நாலு.

நான் வண்டிய உட்டு எறங்கல. பெட்ரோல் தீந்து நின்ன எடத்துல அப்படியே உக்காந்திருக்கறேன். அவ ஸ்கூட்டியில இருந்து குதிச்சு ஓடி வந்தா. நாப்பத்தி ரெண்டு வயசுங்க. "மாமா, மஞ்ச நூலு படிஞ்சுருச்சு, மஞ்ச நூலு படிஞ்சுருச்சு"ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்தா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. தூசி.

அப்பறம் மொத ரவுண்டு. ஒரு இன்சினீரிங் காலேஜு மைதானத்துல. போன ஞாயித்துக்கெழமைக்கு முந்தின ஞாயிறு. நாங்கதான் மொதல்ல வந்தோம். மேடையில ஏத்திச் சால்வை போத்துனாங்க. ஒரு புரொபசரு மைக்கை நீட்டி, "ஐயா, இந்த வால் யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?"ன்னு கேட்டாரு.

நான் சொன்னேன், "ஒரு நாள் குளிச்சுக்கிட்டு இருந்தப்பத் தோணுச்சுங்க. காத்தைக் கிழிச்சா மட்டும் போதாது, பின்னாலயே தைச்சுக்கிட்டும் போகணும்"னு. பாருங்க, என்ன கைதட்டல்! எழுதி வெச்சுக்கறாங்க பசங்க எல்லாம்.

அவளா? மூணாவது வரிசையில உக்காந்திருந்தா. அவளும் தட்டுனா. நான் பாத்தேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? குளிக்கறப்பத் தோணுச்சுன்னு சொன்னாத்தானுங்க ஒரு விஞ்ஞானி மாதிரி இருக்கும். சோளம் காய வெக்கற பொம்பளைங்க மஞ்ச நூலு கட்டுனாங்க, அதை என்ற ஊட்டுக்காரி பாத்தான்னு மைக்குல சொன்னா நல்லாவா இருக்கும்? ஒரு கெவுரவம் வேண்டாமா? அதுவும் போக, அவ என்ற பொண்டாட்டிதானே. எனக்குக் கைதட்டுனா அவளுக்குத் தட்டுன மாதிரிதானே. கணக்கு அப்படித்தானே வருது?

திங்கக்கெழமை காலையில மூக்கைத் தேச்சுக்கிட்டு இருக்கறேன். "அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன்"னா. "ஊம்"னேன். ஒரு பிக் ஷாப்பர் பையோட போனா. ஒரு வார்த்தை கோவமாப் பேசுல, சத்தியமா.

புதன்கெழமைதான் வண்டிய வெளிய எடுக்கலாம்னு போர்வைய எடுக்கறேன், வாலைக் காணோம்! ஜிப்பைத் தொறந்து அலுங்காமக் கழட்டி, கம்பிய மடக்கி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அதுக்கும் மேல ஒண்ணுங்க. ஓட்டற சீட்டுல ஒரு அம்பு ஸ்டிக்கரு. செவப்பு. நட்ட நடுவுல.

சரி, சீட்டுல ஏதோ டிபெக்ட்டு கண்டுபிடிச்சிருக்கறா, வாயத் தொறந்து சொல்ல மாட்டாமப் போயிட்டான்னு நெனச்சேன். சீட்டைக் கழட்டுனேன். பஞ்சை மாத்துனேன். அடிச் சட்டத்தை மறுக்கா வெல்டு வெச்சேன். ரெக்சின் மாத்துனேன். ஒரு கோளாறும் தெரியல.

ஏனுங்க சிரிக்கறீங்க? இல்ல, இவ்வளவு நேரம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்கு இப்படிச் சிரிக்கறீங்க? இந்தாங்க தண்ணி.

அந்த ஸ்டிக்கரு இந்தா இருக்குது, போனுக்குப் பின்னால ஒட்டி வெச்சிருக்கறேன். எந்த டிபெக்ட்டுன்னு அவகிட்டக் கேக்கறதுக்கு.

அவளில்லாட்டி என்ன, துணி இருக்குது, டைலர் இருக்கறான்னு எங்க தெருவுல ஒருத்தரைப் புடிச்சு இந்த டூப்ளிக்கேட்டைத் தைச்சேன். அதே லைக்ரா. அறுவத்தி ஒம்பது! வாலே இல்லாமப் போனதுக்கும் கம்மி. கிழிஞ்ச டவுசராட்டப் படபடன்னு அடிக்குது. எங்க தப்புன்னு பாக்கறதுக்குப் பின்னால ஆள் வேணுமில்ல. ஒரு கேமராவக் குச்சியில கட்டி ஓட்டுனேன். கேமரா எல்லாத்தையும் பாத்துச்சுங்க. ஆனா ஒண்ணும் சொல்லல. அந்த ரோடு இருக்குது பாருங்க, அத்தனை நீளம், நான் மட்டும். வெறிச்சுன்னு இருந்துச்சு. சோளக்காரம்மா ஒண்ணு, "எங்க சாமி அந்த ஸ்கூட்டிக்காரப் புள்ள? என்ற மூட்டு வலி தேவலையாப் போச்சு, சொல்லணும்"னுச்சு. எனக்கு வந்த எரிச்சலுக்கு...

ஐயோ, முன் சீட்டம்மா, மன்னிச்சுக்கங்க! காத்துங்க, ஆடிக் காத்து, ஜன்னல் வழியா உள்ள பூந்து வாலு ஊதிக்கிச்சு. உங்க தலையில பட்டுருச்சுங்களா? பூவு கீழ உழுந்துருச்சு, இந்தாங்க. ஏனுங்க, அந்த ஷட்டரைக் கொஞ்சம் எறக்குங்க.

போனுங்களா? இல்லீங்க, பண்ணுல. பதினோரு நாளாப் பண்ணுல. அவளும் பண்ணுல. என்னன்னு பேசறதுங்க? நேரா போயி நின்னு, "வாலைக் குடு"ன்னு கேட்டு வாங்கிக்கலாம்னுதான். வாசப்படியில நின்னு எப்படி ஆரம்பிக்கறதுன்னு வீட்டுல சொல்லிப் பாத்தேன். "கோகிலா, வால்..." அப்படின்னு. நல்லாயில்ல. மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

இப்பவா? இங்கயா? பஸ்ஸுல வெச்சா? நீங்க ஒருத்தரு. சரி. சரிங்க, பண்றேன். நீங்க அக்கட்டால பாருங்க.

...ஹலோ. நான்தான். ...ஆமா, பஸ்ஸுல. ...தாராபுரத்துக்குத்தான். ...சும்மாதான். ...சாப்பிட்டேன். மெஸ்ஸுல. ...கோகிலா, வா... வா... ...என்னது? ...எப்ப? ...ஓ. ...ஓ, சரி. ...சரி.

வெச்சுட்டாளுங்க.

வாலை அனுப்பிட்டாளாமுங்க. காலையில அவங்க அண்ணன் கையில குடுத்து, திருப்பூர் பஸ்ஸு டிரைவர்கிட்டச் சேத்தாச்சாம். "பைனல் இருக்குதில்ல, அதுக்குள்ள வேணுமே. வால்தானே கேக்க வந்தீங்க?"ங்கறா. பச்சை பஸ்ஸு ஒண்ணு சித்த முன்னால எதிர்ல வந்து தாண்டிப் போச்சே, ஹாரன் அடிச்சுக்கிட்டு, அதுலதான் போகுதாம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால. நுனிப் பக்கம் ஒரு தையல் இளகியிருந்துச்சாம், அதையும் பிரிச்சு மறுக்கா தைச்சு அனுப்பியிருக்கறா.

நான் "வா"ன்னு மட்டுந்தானுங்க சொன்னேன். மிச்ச எழுத்தை அவளே போட்டுக்கிட்டா.

இப்ப நான் எதுக்குங்க தாராபுரம் போறேன்?

இல்லீங்க கண்டக்டரு, குண்டடம் இல்ல. திரும்பற பஸ்ஸு நிக்குது, பாத்தேன். எறங்கல. நீங்க விசிலை ஊதுங்க.

ஏனுங்க, நீங்க சிரிச்சீங்கல்ல, அப்பவே உங்களுக்குப் புரிஞ்சு போச்சுங்களா? வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? அந்த ஸ்டிக்கரு சீட்டுல எந்த எடத்துல இருந்துச்சுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. நான் சாஞ்சு உக்காந்தா என்ற நடு முதுகு படற எடம். டிபெக்ட்டு சீட்டுல இல்ல. நான் பாட்டுக்குப் பஞ்சை மாத்திக்கிட்டு இருந்திருக்கறேன், கேனப்பய.

குளிக்கறப்பத் தோணுச்சாம். அவ கைதட்டுனா பாருங்க, அது கண்ணுக்குள்ளயே நிக்குது.

இதைக் கொஞ்சம் புடிங்க, இந்த டூப்ளிக்கேட்டை. ஸ்டிக்கரை உரிச்சுக்கறேன். பசை இன்னும் இருக்குது. எங்க ஒட்டலாம், பாக்கெட்டுக்கு மேலயா? நேரா இருக்குதுங்களா? கோணையா இருந்தா அதுக்கு வேற சொல்லுவா. இதோடவே போயி அவ முன்னால நிக்கறேன். மைக்கு இல்லாட்டிப் போகுது, அவங்க அண்ணன், அண்ணி, வெங்காயம் எடை போட வர்றவன், எல்லாரும் கேக்கற மாதிரி அந்த மஞ்ச நூலுக் கதைய மொதல்ல இருந்து சொல்றேன். ஞாயித்துக்கெழமை மேடையில அவளே ஏறிச் சொல்லட்டும். அப்பறம் ஒரே எழுத்து. "வா."

வரமாட்டேன்னா? வருவாளுங்க. கொஞ்சம் பயமாத்தான் இருக்குது, இல்லேங்கல. ஆனா பத்தொம்பது வருசம் செக்கிங்ல இருந்தவ. ரிஜெக்ட்டுன்னு முடிவு பண்ணியிருந்தா அவ எதுக்குங்க ஸ்டிக்கர் ஒட்டறா? அம்பு ஒட்டியிருக்கறா. அப்ப நான் ஆல்டருதானுங்க.